மண்ணுக்கடியில் ஒரு கூட்டுச் சொத்து

புது வீடு புகும் தமிழ்க் குடும்பம் எத்தனை விஷயங்களை விசாரிக்கிறது! வாசல் எந்தத் திசையை நோக்கி இருக்கிறது? குழாயில் தண்ணீர் காலையில் எவ்வளவு நேரம் வருகிறது? ஸ்டேஷனுக்கு எத்தனை நிமிஷ நடை? அடுக்களையில் வெளிச்சம் உண்டா? பக்கத்தில் கோவில், பள்ளிக்கூடம், காய்கறிக் கடை உண்டா? இவை யாவும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால், "இவ்வீட்டிலிருந்து வெளியேறும் அழுக்கு நீர் எங்கே போகிறது? அது போகும் வழியைக் காப்பவர் யார்?" என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிசயம்.

கண்ணுக்குத் தெரியும் சொத்துக்கு நாம் பத்திரம் எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். மண்ணுக்கடியில் கிடக்கும் சொத்துக்கு யாரும் பத்திரம் கேட்பதில்லை. அடைப்பு ஏற்பட்டு, அழுக்கு நீர் பொங்கி முற்றத்துக்கு வந்த பிறகே "இந்தக் குழாய் யாருடையது?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். தாராவியின் பழைய சால்களிலிருந்து அடுக்குமாடிகளுக்கும், செம்பூர், கோவண்டி, முலுந்து முதலிய இடங்களில் எழும் புதுக் குடியிருப்புகளுக்கும் நம்மவர் குடிபெயர்ந்து வரும் இந்நாளில், இக்கேள்வியை முன்கூட்டியே கேட்டு விடை கண்டுகொள்வது நலம். அதற்காகவே இக்கட்டுரை.

நீர் போகும் வழி

நம் வீட்டுக் கழிவறையிலும் குளியலறையிலும் விழும் நீர் மூன்று கைகள் மாறிச் செல்கிறது. முதலாவது, வீட்டுக்குள் இருக்கும் குழாய்; அது குடியிருப்பவருடையது. இரண்டாவது, கட்டடத்தின் சுவரோடு இறங்கி, வளாகத்துக்குள் மண்ணுக்கடியில் ஓடி, மேன்ஹோல்களைக் கடந்து தெருவரை செல்லும் குழாய். இது கட்டடச் சொந்தக்காரர்களுடையது, அதாவது சொஸைட்டியுடையது. மூன்றாவது, தெருவில் ஓடும் பெருங்குழாய். இது மாநகராட்சியின் பொறுப்பு. பொதுச் சாக்கடை நகராட்சிக்கு, தனிச் சாக்கடை உடையவனுக்கு என்னும் இப்பாகுபாடு 1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்திலிருந்தே வருவது.

தெருக் குழாய்க்கு அப்பால் நீரேற்று நிலையங்கள் இருக்கின்றன. கொலாபா, வொர்லி, பாந்த்ரா, வெர்சோவா, மாலாட், காட்கோபர், பாண்டுப் என்று ஏழு மண்டலங்களாக மும்பையின் கழிவுநீர் பிரிக்கப்பட்டிருக்கிறது. வொர்லியிலும் பாந்த்ராவிலும் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கடலுக்கடியில் குழாய் கொண்டுபோய் நீரை விடுகிறார்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,460 லட்சம் லிட்டர் அல்ல, அதைப்போல் பத்து மடங்கு, அதாவது சுமார் 246 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனுடைய ஏழு புதிய நிலையங்களுக்கு 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் பலவீனமான கண்ணி எது என்று பார்த்தால், பெரும்பாலும் அஃது இடையிலுள்ள இரண்டாவது கைதான். முதற் குழாய்க்கு வீட்டுக்காரர் உண்டு. மூன்றாவதற்கு மாநகராட்சியும் அதன் எஞ்சினீயர்களும் உண்டு. இடைக் குழாய்க்கோ, எல்லாரும் சொந்தக்காரர்; ஆகவே ஒருவரும் சொந்தக்காரர் அல்லர்.

நான் பணிபுரியும் ரயில்வேயில் இத்தகைய நிலையை நினைத்துப் பார்க்கவும் இயலாது. இருப்புப் பாதையில் ஒரு கஜம்கூட உரியவரின்றிக் கிடப்பதில்லை. இன்ன கிலோமீட்டரிலிருந்து இன்ன கிலோமீட்டர் வரை இன்னார் பொறுப்பு என்பது ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். கீமேன் தம் எல்லைக்குட்பட்ட பாதையை நாள்தோறும் நடந்து பார்த்து, தளர்ந்த சாவியை அடித்து இறுக்குகிறார். ஓர் அதிகாரி மாறிப் போனால், வருகிறவர் கையொப்பமிட்டுச் சார்ஜ் எடுத்துக்கொண்ட பிறகே போகலாம். வண்டி கவிழாமல் ஓடுவதன் ரகசியம் இரும்பில் மட்டும் இல்லை. இந்தச் சார்ஜ் ஏட்டிலும் இருக்கிறது. நம் குடியிருப்புகளின் கழிவுநீர்க் குழாய்க்கு இல்லாதது இந்த ஏடுதான்.

மாட்டுங்கா கற்பிக்கும் பாடம்

நம் மும்பையிலேயே இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. ஆயிரக்கணக்கானவர் மாண்டனர், பல்லாயிரவர் நகரை விட்டு ஓடினர். நெருக்கமும் இருட்டும் சாக்கடைக் கேடுமே நோய்க்கு வளர்ப்புத் தாய் என்று அன்றைய அரசு கருதியது. 1898இல் சட்டம் இயற்றிப் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட் என்னும் தனி அமைப்பை நிறுவிற்று.

அந்த டிரஸ்ட் வகுத்த திட்டங்களுள் தாதர்–மாட்டுங்கா, சயான்–மாட்டுங்கா திட்டங்கள் நம்மவர்க்கு மிக நெருங்கியவை. வயலும் சதுப்பும் தென்னந்தோப்புமாய்க் கிடந்த நிலத்தை எடுத்து, மட்டம் பார்த்து, முதலில் தெரு வகுத்து, சாக்கடை அமைத்து, அதன் பின்னரே மனைகளைக் குத்தகைக்கு விட்டார்கள். குழாய் முன்னே, குடித்தனம் பின்னே. மாட்டுங்காவின் அகன்ற வீதிகளையும் மரநிழலையும் அனுபவித்த நம் முன்னோர், அவற்றுக்கடியில் ஓடிய குழாயின் பயனையும் அனுபவித்தனர். 1933இல் டிரஸ்ட் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. அதன் சாலைகளையும் சாக்கடைகளையும் பராமரிக்கும் கடமையும் அப்போது கைமாறிற்று. நடுவே அநாதையாக விடப்படவில்லை. இதுவே சார்ஜ் ஒப்படைப்பு.

பிற்காலத்தில் நகரம் வளர்ந்த வேகத்தில் இவ்வொழுங்கு நிலைக்கவில்லை. 1950இல் மாநகராட்சியின் எல்லை புறநகர்களுக்குள் விரிந்தது. 1957இல் தஹிசர், முலுந்து வரை எட்டிற்று. தேச விபாகத்தின்போது சிந்துவிலிருந்து வந்தவர்களுக்குச் செம்பூரில் முகாம் அமைந்தது. வீட்டுவசதி வாரியத்தின் காலனிகள் எழுந்தன. குடித்தனம் முன்னே, குழாய் பின்னே என்று ஆயிற்று. வாரியம் கட்டிய காலனிகள் பலவற்றில், உள்வீதியும் உட்சாக்கடையும் வாரியத்தின் பொறுப்பா, மாநகராட்சியின் பொறுப்பா என்னும் வழக்கு நெடுங்காலம் நடந்தது. இரண்டு மாட்டுக்காரர்கள் வழக்காடும்போது பட்டினி கிடப்பது மாடுதானே! இங்கே அவதிப்பட்டவர்கள் குடியிருந்தவர்கள்.

பிற நாட்டார் செய்தது

அமெரிக்க நாட்டில் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். நகர எல்லைக்கு வெளியே புதிதாக மனை பிரித்து வீடு கட்டியவர்கள், தங்கள் பகுதியை ஒரு தனிச் 'சுகாதார வட்டாரம்' ஆக்கிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வட்டாரத்தார் ஓட்டுப் போட்டு ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பர். அக்குழு சாக்கடைக்கென்றே வரி விதிக்கும், கடன் வாங்கும், ஆள் அமர்த்தும், ஆண்டுதோறும் கணக்குக் காட்டும். வேறு வேலை அதற்கு இல்லை. சிக்காகோ நகரத்தார் 1889இல் அமைத்த வட்டாரம் இவ்வகையில் பெயர் பெற்றது. குடிநீர் ஏரியில் கழிவு கலப்பதைத் தடுக்க ஒரு கால்வாய் வெட்டி, 1900இல் சிக்காகோ நதியையே எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்கள்!

'அவர்கள் செல்வர்கள், நாம் அப்படியா?' என்று அன்பர்கள் கேட்கலாம். அப்படியானால் கராச்சி நகரின் ஒராங்கிக் குடியிருப்பைக் காண்போம். அங்கே வாழ்ந்தவர்கள் நெசவாளர், கூலிக்காரர், சிறு வியாபாரிகள். அக்தர் ஹமீத் கான் என்னும் பெரியவர் 1980இல் அங்கே பணி தொடங்கினார். அவர் பணம் கொடுக்கவில்லை, யோசனை கொடுத்தார். இருபது முப்பது வீடுகள் உள்ள ஒரு சந்தை ஓர் அலகாகக் கொள்வது. சந்தார் கூடித் தங்களுக்குள் ஒரு பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பது. அவர் வீடுதோறும் பணம் திரட்டுவது. எஞ்சினீயர் மட்டம் பார்த்து வரைபடம் தருவது. சந்தார் குழாய் பதித்துத் தாங்களே காப்பது. வீட்டிலும் சந்திலும் உள்ளவை மக்கள் பொறுப்பு, பெருங்குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு என்று எல்லையைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டார்கள். இவ்வாறு பல ஆயிரம் சந்துகள் கழிவுநீர்க் குழாய் பெற்றன.

இந்த இரண்டிலும் ஊடாடும் கருத்து ஒன்றே. குழாயை நம்பிப் பயனில்லை. குழாய்க்கு ஒரு கூட்டம் வேண்டும்.

ஆலந்தூர் காட்டிய வழி

தமிழ்நாட்டிலேயே இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. சென்னையை ஒட்டிய ஆலந்தூர் 1990களில் தனி நகராட்சியாக இருந்தது. பரங்கிமலை அடிவாரத்தில், விமான நிலையத்துக்கு அருகில் உள்ள ஊர். அங்கே வீட்டுக்கு வீடு செப்டிக் டாங்க். அது நிரம்பினால் லாரிக்குப் பணம். மழை பெய்தால் தெருவெல்லாம் நாற்றம். 1996இல் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர். எஸ். பாரதி அவர்களின் காலத்தில், ஊர் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை அமைப்பதென்று தீர்மானித்தனர்.

செலவு ஏறத்தாழ 34 கோடி ரூபாய். நகராட்சியின் கஜானாவில் அத்தனை பணம் ஏது? அரசு தரும்வரை காத்திருப்பதா? மக்களிடமே கேட்பது என்று துணிந்தார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், வியாபாரக் கட்டடங்களுக்கு 10,000 ரூபாய் வைப்புத் தொகை. குடியிருப்போர் நலச் சங்கங்கள் முன்னின்று வீதிதோறும் கூட்டம் போட்டு விளக்கின. குழாய் பதிக்க மண்ணை வெட்டுமுன்னரே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணம் கட்டின. மக்கள் பணம் கட்டியதைக் கண்ட பின், மீதிக்குக் கடன் கொடுக்க நிதி நிறுவனமும் முன்வந்தது. 2000இல் வேலை தொடங்கிற்று. நாளொன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் பெருங்குடியில் அமைந்தது. 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியில் இணைந்துவிட்டது. ஆயினும் ஊரார் கூடிச் செய்த காரியம் மண்ணுக்கடியில் நின்று இன்றும் பயன்படுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது 5,000 ரூபாயை அன்று. 'பணம் கட்டினால் வேலை நடக்குமா?' என்று ஐயுற்ற மக்களுக்கு வீதிவீதியாகக் கணக்குச் சொன்னார்களே, அந்தப் பொறுமையைத்தான். பணம் கட்டியவன் கேள்வி கேட்பான்; கேள்வி கேட்பவன் இருந்தால் குழாய் ஒழுங்காக இருக்கும்.

நம் குடிசைப் பகுதிகளில்

மும்பையில் வாழும் எளியவர்களும் இவ்விஷயத்தில் எவர்க்கும் பின்தங்கியவர் அல்லர். கோலார் தங்கவயலிலிருந்து இங்கு வந்து, மான்கூர்டு அருகே ஜனதா காலனியில் வாழ்ந்தவர் ஜாக்கின் அற்புதம். மாநகராட்சி குப்பை அள்ளாததைக் கண்ட அவர், காலனிக் குழந்தைகளைக் கூட்டி, குப்பையைப் பொட்டலம் கட்டி எடுத்துச் சென்று மாநகராட்சி அலுவலகத்தருகே குவிக்கச் செய்தார் என்பது பலரும் அறிந்த வரலாறு. 1976இல் அக்காலனி இடிக்கப்பட்டு, மக்கள் சீட்டா கேம்புக்கு அனுப்பப்பட்டனர். அவரோ சோர்ந்துவிடாமல் இந்தியா முழுவதும் குடிசைவாசிகளின் சம்மேளனத்தைக் கட்டினார். 2000இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 2018இல் அவர் காலமானார்.

அவரைப் போன்றோரின் அநுபவத்திலிருந்து ஒரு முறை உருவாயிற்று. உலக வங்கியின் கடனுதவியோடு 1990களின் நடுவில் தொடங்கிய மும்பைக் கழிவுநீர்த் திட்டத்தில், குடிசைப் பகுதிகளுக்குப் பொதுக் கழிப்பிடம் கட்டும் பணியும் சேர்க்கப்பட்டது. கட்டுமுன் ஒரு நிபந்தனை: பகுதி மக்கள் ஒரு சங்கம் அமைத்துப் பதிவு செய்ய வேண்டும், பெரியவர் ஒருவருக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு அதிகபட்சம் 500 ரூபாய் என்று சந்தா கட்ட வேண்டும், கட்டி முடித்த பின் விளக்கு, தண்ணீர், காவலாள், சுத்தம் ஆகியவற்றைச் சங்கமே கவனிக்க வேண்டும். இவ்வாறு 300க்கு மேற்பட்ட கட்டடங்கள் முதற் கட்டத்தில் எழுந்தன. சங்கம் உயிரோடு இருந்த இடத்தில் கழிப்பிடம் சுத்தமாக இருந்தது. சங்கம் பெயரளவில் நின்ற இடத்தில் கதவு பெயர்ந்து, குழாய் உடைந்து, பழைய கதையாயிற்று. செங்கல்லும் சிமெண்டும் இரண்டிடத்திலும் ஒன்றே. வேற்றுமை மனிதர் கூடிய விதத்தில்தான்.

மூன்று கட்டடங்களின் கதை

செம்பூர்ப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு, பெயர் வேண்டா. ஒரே மனையில் மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 28 வீடுகள், மூன்று தனித்தனி சொஸைட்டிகள். மூன்றின் கழிவுநீரும் ஒரே குழாயில் சேர்ந்து, சரிவின் கடைசியிலுள்ள மூன்றாம் கட்டடத்தைக் கடந்து தெருவுக்குப் போகிறது. பில்டர் சாவியைக் கொடுத்தார், நக்ஷா கொடுக்கவில்லை.

முதல் மழைக்காலத்திலேயே மூன்றாம் கட்டடத்தின் தரைத்தளத்தில் அழுக்கு நீர் பொங்கிற்று. அங்கே குடியிருந்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒரு மூதாட்டி. சொஸைட்டி காரியதரிசியிடம் அவர் கேட்ட கேள்வி என் காதில் இன்னும் ஒலிக்கிறது.

"ஏன் தம்பி, மேல உள்ளவுக குளிச்சா எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருது. நான் காசு குடுத்து வாங்கினது வீட்டையா, சாக்கடையையா?"

"ஆச்சி, அடைப்பு எங்கே இருக்குன்னு தெரியலை. முதல் கட்டடத்துக்காரங்க எங்களுக்கு ஒண்ணும் இல்லேங்கிறாங்க."

"அவுகளுக்கு எப்படி இருக்கும்? தண்ணி மேட்டுக்கா ஏறும்?"

நீரின் இயற்கையை அம்மூதாட்டி ஒரு வரியில் சொல்லிவிட்டார். மேட்டில் இருப்பவனுக்குக் குழாயின் நோய் தெரிவதில்லை. அவன் செய்த குற்றம் பள்ளத்தில் இருப்பவனை வந்தடைகிறது. ஆகையால் கழிவுநீர் விஷயத்தில் 'எனக்குத் தொந்தரவில்லை, நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?' என்னும் வாதம் எடுபடாது. தொந்தரவு கொடுப்பவனுக்கும் தொந்தரவு படுபவனுக்கும் குழாய் ஒன்றே.

இரண்டு மாதச் சண்டைக்குப் பின் மூன்று சொஸைட்டிகளும் கூடி ஒரு பொதுக் குழு அமைத்தன. ரயில்வேயில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மேன்ஹோல் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் செய்து மேலிருந்தே பார்த்து, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் நக்ஷா வரைந்தார். அப்போது இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. இரண்டாம் கட்டடத்தின் மாடி மழைநீர் கழிவுநீர்க் குழாயில் இணைக்கப்பட்டிருந்தது. ஒரு வளைவில் கட்டட வேலையின் சிமெண்டுக் கட்டிகள் அப்படியே கிடந்தன. மழைநீர்க் குழாயைப் பிரித்தார்கள். யந்திரம் வைத்துக் கட்டிகளை அகற்றினார்கள். வீட்டுக்கு மாதம் 60 ரூபாய் என்று தீர்மானம் ஆயிற்று. 84 வீடுகளுக்கு மாதம் 5,040 ரூபாய். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக, நீர் பீய்ச்சும் யந்திரம் வருகிறது. மூதாட்டியின் வீட்டுத் தரை அதன் பின் காய்ந்தே இருக்கிறது.

ஓர் உயிரின் விலை

இக்கூட்டம் இல்லாவிட்டால் நேரும் கேடு நாற்றத்தோடு முடிவதில்லை. பொறுப்பாளர் இல்லாத குழாய் அடைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது? யாரோ ஒருவர் யாரையோ கூப்பிடுகிறார். சில நூறு ரூபாய்க்கு ஓர் ஏழை மனிதன் வெறும் உடம்போடு குழிக்குள் இறங்குகிறான். உள்ளே தேங்கிய வாயு ஒரு மூச்சில் மயக்கும். காப்பாற்ற இறங்குபவனையும் அது விடுவதில்லை.

2019 டிசம்பரில், செம்பூருக்கு அடுத்த கோவண்டியில், ஒரு குடியிருப்பின் செப்டிக் டாங்கைச் சுத்தம் செய்யப் போன மூன்று தொழிலாளர்கள் இவ்வாறே மாண்டனர். கணவரை இழந்த மூன்று பெண்கள் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் படியேறினர். 2021 செப்டம்பரில் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு அளிக்க உத்தரவாயிற்று. இத்தகைய மரணங்களுக்குரிய இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் 30 லட்சமாக உயர்த்தியது. பணம் வரலாம், மனிதன் வருவானா?

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டாங்கிலோ இறக்குவது குற்றம். முதற் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையும், 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 'ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள், எங்களுக்குத் தெரியாது' என்று காரியதரிசி கைகழுவிவிட நினைப்பது பேதைமை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நம் வீட்டுக் கழிவுக்காகப் பிறர் வீட்டு விளக்கு அணைவது எந்தத் தர்மத்தில் அடங்கும்? இவ்வேலையில் தள்ளப்படுபவர் பெரும்பாலும் சாதியின் பெயரால் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

மூடியில்லாத மேன்ஹோலும் யமன் வாய்தான். 2017 ஆகஸ்டு 29ஆம் தேதிப் பெருமழையில், தெரு வெள்ளத்தில் நடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு புகழ்பெற்ற மருத்துவர், திறந்து கிடந்த மேன்ஹோலில் விழுந்து உயிரிழந்ததை இந்நகரம் மறக்கவில்லை. வெள்ளம் வடியட்டும் என்று எவரோ மூடியைத் திறந்துவிடுவது அறியாமையால் செய்யும் கொலையாக முடிகிறது.

நாம் செய்யத் தக்கவை

இனி, புதுக் குடியிருப்பில் கால் வைக்கும் குடும்பங்கள் செய்யக்கூடியவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலாவது, கூடுதல். ஒரு கட்டடமாயின் சொஸைட்டி. ஒரே லேஅவுட்டில் பல கட்டடங்கள் இருந்து குழாய் பொதுவாயின், சொஸைட்டிகள் அனைத்தும் சேர்ந்த கூட்டமைப்பு வேண்டும். மகாராஷ்டிரத்தில் ரேரா சட்டத்தின் கீழ் வகுத்த விதிகள், கடைசிக் கட்டடம் குடியேற்றச் சான்று பெற்றபின் மூன்று மாதத்துக்குள் அத்தகைய கூட்டமைப்பை உண்டாக்கும் கடமையை பில்டர் மீது சுமத்துகின்றன. அமெரிக்கர் கண்ட சுகாதார வட்டாரத்துக்கு நம்மிடையே நிகரானது இதுவே. இதைக் கேட்டுப் பெறுவது நம் வேலை.

இரண்டாவது, சார்ஜ் எடுத்தல். சாவி வாங்கும் நாளிலேயே கழிவுநீர்க் குழாயின் நக்ஷாவையும் எழுத்தில் கேளுங்கள். எத்தனை மேன்ஹோல், எங்கெங்கே, எந்த இடத்தில் மாநகராட்சிக் குழாயோடு சேர்கிறது, அவ்விணைப்புக்கு அநுமதி உண்டா என்பனவெல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரு மேன்ஹோலில் வாளி நீரை ஊற்றி, அடுத்ததில் அது தங்குதடையின்றி வருகிறதா என்று பார்ப்பதற்கு எஞ்சினீயர் பட்டம் தேவையில்லை.

மூன்றாவது, காலக்கெடுவை அறிதல். 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டப்படி, வீடு கையில் வந்த ஐந்தாண்டுக்குள் கட்டடத்திலோ, வேலைத் தரத்திலோ, தரப்பட்ட வசதிகளிலோ குறை கண்டு சொன்னால், பில்டர் 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்யக் கடமைப்பட்டவர். சரிவு தப்பிய குழாயும் குறைதான். வாய்ச்சொல் போதாது, கடிதம் எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள்.

நான்காவது, நிதி. மகாராஷ்டிரத்துச் சொஸைட்டிகளின் மாதிரித் துணைவிதிகள், கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு முக்கால் சதவீதத்துக்குக் குறையாமல் பழுதுபார்ப்பு நிதிக்கும், கால் சதவீதத்துக்குக் குறையாமல் சேம நிதிக்கும் ஒதுக்கச் சொல்கின்றன. மாதக் கட்டணத்தைக் குறைத்து நல்ல பெயர் வாங்க விரும்பும் குழுக்கள் முதலில் கைவைப்பது இந்நிதிகளில்தான். குடிசை மாற்றுக் கட்டடங்களில் குடியேறுவோர்க்காக பில்டர் அரசு அமைப்பிடம் ஒரு தொகை கட்ட வேண்டும் என்பதும் விதி. உங்கள் சொஸைட்டிக்கு அது வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். கேட்பது உரிமை, வம்பு அன்று.

ஐந்தாவது, தினசரி ஒழுக்கம். எண்ணெய்ப் பிசுக்கு, காப்பித் தூள், துணி, பிளாஸ்டிக் உறை, குழந்தையின் டயப்பர் ஆகியவற்றைக் குழாயில் போடாதிருப்பது. அடுக்களைத் தொட்டியில் வழித்துக் கொட்டும் எண்ணெய் உள்ளே போய் நெய்ப்போல் உறைந்து, நாளடைவில் குழாயைச் சுற்றிப் படிந்துவிடுகிறது. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்கலாகாது. மும்பையில் மழைநீருக்கு வேறு வடிகால் உண்டு. அடைப்பு ஏற்பட்டால் யந்திரத்தையே அழையுங்கள், மனிதனை இறக்காதீர்கள். தெருவில் மூடியில்லாத மேன்ஹோலைக் கண்டால் மாநகராட்சியின் 1916 எண்ணுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் வீட்டுக்குப் போங்கள்.

"நாங்கள் வரி கட்டுகிறோமே, எல்லாவற்றையும் மாநகராட்சியே செய்யட்டுமே" என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். வரி கட்டுபவன் தெருக் குழாய்க்காக மாநகராட்சியைத் தட்டிக் கேட்க வேண்டியதுதான். அதில் தயக்கம் கூடாது. ஆனால் தன் எல்லைக்குள் ஒழுங்காக இருப்பவனின் குரலுக்குத்தான் வார்டு அலுவலகத்தில் வலிமை உண்டு. தனி ஆளாய்ப் போய் நிற்பவனை நாளை வரச் சொல்வார்கள். நக்ஷாவும் தீர்மான நகலும் கையில் கொண்டு ஐந்து சொஸைட்டிகளின் பிரதிநிதிகள் போனால் நாற்காலி போடுவார்கள்.

இக்குழுக்களில் பெண்மணிகளைச் சேர்க்க வேண்டும் என்பதையும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழாயின் நோயை முதலில் அறிபவர் வீட்டில் புழங்கும் பெண்மணிதான். ஆண்கள் 8:12 வண்டியைப் பிடிக்க ஓடிய பிறகே தரைத்தளத்தில் நீர் பொங்குகிறது. வாடகைக்கு இருப்போரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அழுக்கு நீருக்குச் சொந்தக்காரன், வாடகைக்காரன் என்ற பேதம் தெரியாது.

தாராவியில் பெரிய மாற்றம் நடந்துவருகிறது. பல தலைமுறைகளாக ஒரே சந்தில் வாழ்ந்து, ஒருவர் கஷ்டத்தை ஒருவர் அறிந்த குடும்பங்கள், முகம் தெரியாதவர்களோடு பல மாடிக் கட்டடங்களில் கலந்து வாழப் போகின்றன. சந்தில் இருந்தபோது சாக்கடை கண்ணெதிரே ஓடியது. அடைத்தால் எல்லாரும் கூடிக் குச்சி எடுத்துக் குத்தினோம். மாடிக்குப் போனதும் அது கண்ணுக்கு மறைந்துவிடும். சாக்கடையோடு சேர்ந்து அந்தக் கூட்டுறவும் மறைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதே நம் முன் நிற்கும் கடமை.

தேர்த் திருவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் கமிட்டி போடுவதில் தமிழனை மிஞ்ச ஆள் இல்லை. ரசீதுப் புத்தகமும் கணக்கும் நமக்குப் புதியவை அல்ல. அதே ரசீதுப் புத்தகத்தில் மண்ணுக்கடியில் உள்ள கூட்டுச் சொத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவோம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், தேநீருக்கு முன்னதாக, ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "நம் குழாயின் நக்ஷா எங்கே?"